பாம்புக்கு ஒரு டிக்கெட், மானுக்கு ஒரு டிக்கெட்!

கிண்டியில் சிறுவர் பூங்கா இருக்கிறது. ஒட்டினாற்போல் பாம்புப் பண்ணையும் இருக்கிறது. ஆனால் வாசல் வேறு, டிக்கெட் வேறு. "மான் பாத்தாச்சு, பாம்பும் பாக்கணும்ப்பா" என்று பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால், அப்பா மறுபடி சட்டைப் பையைத் தடவ வேண்டும்.

குடும்பமாக வருகிறவர் பாடே இப்படி என்றால், 60 பிள்ளைகளை அழைத்து வரும் மாநகராட்சிப் பள்ளி டீச்சர் என்ன செய்வார்?

சென்னையில் இயற்கையைச் சொல்லிக் கொடுக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பாம்புப் பண்ணை 1972 முதல் கிண்டியில் இருக்கிறது. வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-ல் வந்தது. வண்டலூர் மிருகக்காட்சி சாலை 1985-ல் திறந்தது. ஆழ்வார்ப்பேட்டை எல்டாம்ஸ் ரோட்டில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் 1989-ல் ஆரம்பித்தது. அடையாறு முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் வந்தது. பெசன்ட் நகர் கடற்கரையிலோ, 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கணக்கு!

லீவு நாளைப் பாருங்கள். திங்கட்கிழமை முதலைப் பண்ணை கிடையாது. செவ்வாய்க்கிழமை வண்டலூரும் கிண்டியும் கிடையாது. வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியம் கிடையாது. இதெல்லாம் தெரியாமல் பஸ் பிடித்துப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே காலண்டர் அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்ப எத்தனை செலவாகிவிடும்?

பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் புத்தகத்துக்கு வந்துவிட்டது. பிள்ளை வெளியே வந்து பார்க்கத்தான் வழியில்லை. வியாசர்பாடியிலிருந்து வடநெம்மேலிக்குப் போக வேண்டுமென்றால், நுழைவுக் கட்டணம் பெரிதல்ல, பஸ் வாடகைதான் கழுத்தை நெரிக்கும். வசதியான பள்ளிக்குச் சொந்த பஸ் உண்டு. மற்றவர்களுக்குக் கரும்பலகையில் முதலைப் படம்தான்!

தண்ணீர் போகும் வழி

வேளச்சேரிக்காரர்களைக் கேட்டால் 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் புயல் மழையையும் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடல். வழியில் எங்கே அடைத்தாலும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. 1,247 ஹெக்டேர், உலகப் பட்டியலில் இடம். அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு! ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தி, இந்தப் பக்கம் நாமக்கோழி, அந்தப் பக்கம் குப்பை என்று காட்டினால் போதும். பத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆகவே பஸ்ஸும் தண்ணீர் போகிற வழியிலேயே போகட்டுமே! காலையில் பள்ளிக்கரணை. அடுத்து ஒக்கியம் மடுவுப் பாலத்தில் ஐந்து நிமிஷம். முட்டுக்காட்டில் சாப்பாடு. மதியம் வடநெம்மேலி. ஒரே நாள், ஒரே டிக்கெட், ஒரே வழிகாட்டி. பறவைகள் வருகிற நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடத்தினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இன்றைக்கு இதையே தனித்தனியாகக் காட்டினால் சதுப்பு நிலம் ஒரு பாடம், கடல் ஒரு பாடம், வெள்ளம் ஒரு பாடம். மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

சேர்ந்து செய்தால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வடநெம்மேலிக்கே போய்ப் பார்க்கலாம். 1978-ல் இருளர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். முதலைப் பண்ணை வளாகத்திலேயே இடம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்தையும் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். முதலை பார்க்க வந்த ஜனங்கள் விஷம் எடுப்பதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இடம் ஒருவருடையது, கைத்திறமை இன்னொருவருடையது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருதே வந்தது!

"வசூலை எப்படிப் பங்கு போடுவது?" என்பார்கள் ஆபீசர்கள். இருக்கிற கஷ்டம் அது ஒன்றுதான். ஆனால் கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர், பள்ளிக்கரணை மூன்றும் வனத்துறையின் கீழ்தானே வருகின்றன? ஒரே துறைக்குள் கணக்குப் பார்க்க முடியாதா? முதலில் அந்த மூன்றும் சேரட்டும். பாம்புப் பண்ணையும் முதலைப் பண்ணையும் அறக்கட்டளைகள். அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக் கொள்ளலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் எல்டாம்ஸ் ரோட்டு மையத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த வேலையை அவர்களிடம் விடலாம். ஐந்து இடத்தில் ஐந்து விதமாகப் படம் அச்சடிப்பதை விட்டு ஒன்றையே நல்ல தமிழில் அச்சடிக்கலாம்.

புதுக் கட்டடம், அடிக்கல், ரிப்பன் எதுவும் வேண்டாம். இரண்டு பஸ் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகம் நினைத்தால், கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஓடும் வண்டிகளிலிருந்தே இரண்டை ஒதுக்கலாம்.

பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. அட்டவணை அதற்கு முன் தலைமை ஆசிரியர்கள் மேஜைக்குப் போயாக வேண்டும்.