சீனாக்காரன் ஏமாற்றவில்லை

நம்மூரில் இறக்குமதி செய்து கையைச் சுட்டுக்கொண்ட யாரைக் கேட்டாலும் கதை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். "சீனாக்காரன் ஏமாத்திட்டான்." அதற்கு மேல் யாரும் துருவுவதில்லை. கேட்டவரும் தலையாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த இன்னொரு சீனாக்காரன் கதையை எடுத்துவிடுவார். சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் பதினோரு வருடம் காகிதம் புரட்டியவன் நான். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அது பெரும்பாலும் பொய் என்பதுதான் என் கட்சி.

வெளியார் கதை வேண்டாம், வீட்டுக் கதையே இருக்கிறது. என் மனைவியின் தம்பி ஈரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். 2018-இல் சீனாவிலிருந்து 6,000 ஸ்டீல் ஃப்ளாஸ்க் இறக்கினான். அரை லிட்டர், சூடு தாங்குவது. சாம்பிள் வந்தபோது வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். அருமையான சாமான். முதலில் 4.10 டாலர் கேட்டவனை 3.20-க்கு இறக்கியதாக அவனுக்கு ஒரே பெருமை. "பேசத் தெரியணும் மாமா" என்றான்.

சரக்கு வந்து கடைகளுக்குப் போன ஆறாவது வாரம் ஃப்ளாஸ்க்கின் வாயோரம் துரு. திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். வீட்டு முன்னறை முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கிவைத்து, நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு காந்தம். "பாருங்க மாமா, ஒட்டல. 304 ஸ்டீல்தான். இது எப்படித் துருப்பிடிக்கும்?"

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்பது பாத்திரக்கடைக்காரர்கள் பலர் கட்டிக்கொண்டு அழும் நம்பிக்கை. 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201 என்று ஒரு வகை உண்டு. அதில் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைப் போட்டிருப்பார்கள். விலை குறைவு, ஈரத்துக்கும் உப்புக்கும் தாங்குவதும் குறைவு. ஆனால் காந்தம் அதிலும் ஒட்டாது. சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 4.10 டாலர் 3.20 ஆனபோது அங்கே குறைந்தது லாபம் இல்லை, நிக்கல்.

வக்கீலிடம் போனோம். அவர் ஒப்பந்தத்தைக் கேட்டார். ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. விற்பவன் அனுப்பிய ஒரு பக்க புரொஃபார்மா இன்வாய்ஸ்தான் இருந்தது. அதில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ளாஸ்க், 500 மி.லி.' என்று இருந்தது. 304 என்ற எண் எங்கேயும் இல்லை. "போன்ல சொன்னேனே சார்!" என்றான் மச்சினன். 201-உம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். எழுதிக் கொடுத்ததை அவன் அனுப்பியிருக்கிறான்.

வக்கீல் அடுத்து கேட்டதுதான் முக்கியம். "எவ்வளவு கொடுத்தீங்க?" 6,000 உருப்படி, 3.20 வீதம், 19,200 டாலர். ஆனால் இன்வாய்ஸில் இருந்தது 9,600. தீர்வை மிச்சம் பிடிக்க, பாதி விலைக்குப் போடச் சொன்னது மச்சினன்தான். மீதிப் பணம் வங்கி வழியாகப் போகவில்லை. அது யாருடைய கணக்குக்கு எப்படிப் போனது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இப்போது 19,200 கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டுமானால், சுங்கத்துறையிடம் பொய் சொன்னேன் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் ஐந்து வருடம் பின்னோக்கிப் போய்த் தீர்வை கேட்கலாம் என்கிறது 1962-இன் சுங்கச் சட்டம், 28-ஆம் பிரிவு. அதற்கு மேல் அபராதம் தனி. வக்கீல் கோப்பை மூடி எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

யார் யாரை ஏமாற்றினார்கள்?

மதிப்பைக் குறைத்துப் போடுவதை நம் வியாபாரிகள் குற்றமாக நினைப்பதே இல்லை. சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். 'மூன்றே நாளில் இறக்குமதியாளர் ஆகலாம்' என்று ஹோட்டல் அறையில் நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். மேடையில் இருந்தவர் "வேல்யூவைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லிக் கண்ணடித்தார். அறை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு விலை உண்டு. காப்பீடு எடுத்தால் இன்வாய்ஸில் போட்ட தொகைக்குத்தான் எடுக்க முடியும். சரக்கு கடலில் போனால் பாதிதான் திரும்பும். எல்லாவற்றையும்விட மோசமானது, மீதிப் பாதியை முன்பின் தெரியாத தனிநபர் கணக்குகளுக்கு அனுப்பி நமக்குப் பழகிப்போகிறது. பிறகு ஒருநாள் விற்பவனின் மின்னஞ்சலை எவனோ திறந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்பவும்" என்று எழுதினால் நமக்கு அது உறுத்துவதே இல்லை. நிறுவனத்தின் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எளிய சோதனையைச் செய்யும் தகுதியை நாமே கெடுத்துக்கொண்டோம்.

அசல் மோசடிக்காரர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இணையதளம் மட்டும் இருக்கும், தொழிற்சாலை இருக்காது. ஆனால் சீனாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கப் பதிவு எண் உண்டு, சீன எழுத்தில் சட்டப்பூர்வப் பெயர் உண்டு, ஒப்பந்தத்தில் குத்த வேண்டிய முத்திரை உண்டு. இந்த மூன்றையும் கேட்டு வாங்க ஒரு மின்னஞ்சல் போதும். கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

"எல்.சி. போட்டா சேஃப் சார்" என்பார்கள். கடன் உறுதிக் கடிதங்களுக்கு உலக வங்கிகள் எல்லாம் பின்பற்றும் விதித்தொகுப்பு யு.சி.பி. 600. அதன் 5-ஆம் விதி சொல்வது இதுதான்: வங்கி கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். அதற்குத்தான் எல்.சி.யில் கேட்கும் ஆவணங்களோடு, மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். எல்.சி. இல்லாமல் 30 சதவீதம் முன்பணம், மீதி 70 என்று வாங்குபவர்களுக்கும் அதேதான். அந்த 70 போவதற்கு முன்னால், சரக்கு தொழிற்சாலையில் இருக்கும்போதே ஆய்வாளர் போய்ப் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்குச் சில நூறு டாலர் ஆகும். மச்சினனிடம் சொன்னேன். "அது வேற தண்டச் செலவு மாமா."

சி.ஐ.எஃப். என்றால் சென்னை வரை அவன் பொறுப்பு என்பது இன்னொரு மூடநம்பிக்கை. கப்பல் கூலியும் காப்பீடும் அவன் கட்டுவான், அவ்வளவுதான். நிங்போ துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறிய நிமிடமே ஆபத்து நம் தலைக்கு வந்துவிடுகிறது. இதில் ஒரு கூத்தும் உண்டு. ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பவன் விற்பவன். அங்கே கூலியை அடிமாட்டு விலைக்குக் காட்டிவிட்டு, அந்த ஃபார்வர்டரின் சென்னை ஆள் 'உள்ளூர்க் கட்டணம்' என்று நம்மிடம் தீட்டிவிடுவான். அவன் ரசீது இல்லாமல் டெலிவரி ஆர்டர் கிடைக்காது. அந்த வாக்குவாதம் ஓடும் நாட்களில் ஒரு பக்கம் துறைமுகத்துக்கு டெமரேஜ், இன்னொரு பக்கம் கப்பல் கம்பெனிக்கு கன்டெய்னர் வாடகை. இதைச் செய்பவன் சீனாக்காரன் இல்லை, நம்மூர்க்காரன்.

சரி, அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்ப்போம். ஏற்றுமதி செய்பவனைப் பணம் வராத ஆபத்திலிருந்து காக்க சீன அரசு சைனோஷுர் என்ற காப்பீட்டு நிறுவனத்தையே நடத்துகிறது. நம்மைப் பற்றி அவர்களிடமும் கதைகள் இருக்கின்றன. சரக்கு சென்னை வந்து இறங்கிய பிறகு "மார்க்கெட் டவுன், 20 சதவீதம் குறைச்சாத்தான் எடுப்பேன்" என்பார் நம் ஆள். அசல் இறக்குமதியாளரிடம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்காமல் சரக்கை வேறொருவருக்கு மாற்றவோ திருப்பி எடுக்கவோ விற்றவன் படாதபாடு பட வேண்டும். அந்தத் தைரியத்தில் பேரம் பேசியவர்களின் கோப்புகளை இந்தக் கையால்தான் கட்டினேன். அங்கே ஷென்ஜென்னில் எவனோ ஒருவன் "இந்தியாக்காரன் ஏமாத்திட்டான்" என்று தன் மச்சினனிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பட்டினப்பாலையை எடுத்து, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் புலி முத்திரை குத்தியதையும், அந்த ஊர் வணிகர்கள் கூடுதலாகக் கொள்ளாமல் குறைவாகக் கொடுக்காமல் வாழ்ந்ததையும் சொல்லி மார்தட்டுகிறோம். கைதட்டிவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, இன்வாய்ஸைப் பாதியாகப் போடச் சொல்லி வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புகிறோம்.

ஃப்ளாஸ்க்கில் போனது அவனுடைய பணம் மட்டுமல்ல. அக்கா நகையும் அதில் இருந்தது, அதாவது என் மனைவியின் எட்டுப் பவுன். அதை அவளும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. போன மாதம் மறுபடியும் போன் வந்தது.

"மாமா, இந்தத் தடவை கிச்சன் தராசு. நல்லா ஓடும். விலை பேசி முடிச்சாச்சு."

"மாப்ள, தராசு எடையளவைக் கருவி. 2009 சட்டப்படி அதை இறக்க முன்கூட்டியே பதிவு பண்ணணும், மாடலுக்கும் ஒப்புதல் வேணும். இல்லன்னா துறைமுகத்துலயே நிக்கும். பண்ணிட்டியா?"

"அது சரக்கு வந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம் மாமா. நீங்க சொல்லுங்க, இன்வாய்ஸ் எவ்வளவுக்குப் போடச் சொல்லட்டும்?"