ஒற்றைக் கறுப்பு வீரன் போதும் என்பது யார் கணக்கு?



சென்ற மாதம் நம் சங்க வாசகசாலையில் ஒரு விவாதம் நடந்தது. வீட்டு வாடகை பற்றியோ விலைவாசி பற்றியோ அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கைப்பேசியில் படக்கதை பார்த்துக்கொண்டிருந்தவன், நம்மிடம் வந்து கேட்டான்: “மாமா, பிளாக் பாந்தர், லூக் கேஜ், ஸ்டார்ம் எல்லாரும் ஒரே கம்பெனி ஆளுங்கதானே? அவங்க மட்டும் ஒண்ணா சேந்தா என்ன? ஏன் எப்பவும் வெள்ளைக்காரங்க கூட்டத்துல ஒத்தை ஆளா நிக்கிறாங்க?”

பெரியவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கம் கட்டுகிறவன் சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியா அது?

நாம் சிறுவராக இருந்தபோது பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த இந்திரஜால் காமிக்சையும் முத்து காமிக்சையும் படித்து வளர்ந்தவர்கள். அவற்றில் நாம் கண்ட கறுப்பு மனிதன் யார்? மந்திரவாதி மாண்ட்ரேக்கின் லோதார். 1934இல் லீ ஃபாக் படைத்த கதை அது. லோதார் ஆப்பிரிக்க இளவரசன். ஆனாலும் அரசைத் துறந்து, சிறுத்தைத் தோலும் சிவப்புக் குல்லாயும் அணிந்து, வெள்ளை எசமானன் பின்னால் பெட்டி தூக்கி நடப்பவன். 1960களின் நடுவில் படம் வரையும் கை மாறிய பிறகுதான் அவனுக்கு ஒழுங்கான உடையும் பேச்சும் வாய்த்தன. வேதாளர் கதையிலோ ஆப்பிரிக்கக் காட்டுக்கே காவல் வெள்ளையன். காட்டின் மக்கள் அவன் மண்டையோட்டு ஆசனத்தைச் சுற்றி நிற்பவர்கள். இதையெல்லாம் நாம் வாய்பிளந்து ரசித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். லோதாரின் பக்கம் நின்று ஒரு நாளாவது யோசித்தோமா? நம்முடைய அப்பன்மார் தண்டவாளத்திலும் துறைமுகத்திலும் எவன் பெட்டியையோ தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், நாம் மாண்ட்ரேக்காகவே கனவு கண்டோம்!

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1947இல் ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், தாம் வேலை பார்த்த பிலடெல்பியா நாளேடு மூடப்பட்ட பின், ‘ஆல் நீக்ரோ காமிக்ஸ்’ என்ற இதழைக் கொண்டுவந்தார். எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் எல்லோரும் கறுப்பினத்தவர். விலை 15 சென்ட். அதில் வந்த ‘லயன் மேன்’ ஆப்பிரிக்காவின் யுரேனிய மலையைக் காக்கும் விஞ்ஞானி. எவனுக்கும் பெட்டி தூக்குபவன் அல்லன். இரண்டாம் இதழ் வரவே இல்லை. காகிதம் விற்க யாரும் முன்வரவில்லை. தடைச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள், காகிதக் கடையின் கதவை மூடினால் போதும்!

பெரிய கம்பெனிகள் பிறகுதான் விழித்தன. மார்வெல் கம்பெனியில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966 ஜூலை இதழில் வக்காண்டா நாட்டு அரசன் டி'சல்லாவை, அதாவது பிளாக் பாந்தரைக் கொண்டுவந்தனர். அதே ஆண்டு அக்டோபரில்தான் ஓக்லாந்தில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினர். ஆகவே கதை கட்சியைப் பார்த்துப் பெயர் வைத்ததன்று. கட்சிப் பெயரோ கடல் கடந்து வந்து, 1972இல் இதே பம்பாயில் தலித் பாந்தர்கள் என்று கொடி பிடித்தது. அதே 1972இல் மார்வெல் கம்பெனி தன் வீரனுக்குச் சிறிது காலம் ‘பிளாக் லெப்பர்ட்’ என்று பெயரை மாற்றிப் பார்த்தது. சேரிவாசி துணிந்து சூடிய பெயர் பணக்காரக் கம்பெனிக்குச் சுட்டிருக்கிறது!

1969இல் ஃபால்கன் வந்தான், ஹார்லெம் பகுதியின் சாம் வில்சன். 1971 முதல் இதழின் அட்டையிலேயே கேப்டன் அமெரிக்காவுடன் அவன் பெயரும் ஏறியது. பெயர் ஏறினால் போதுமா? கேப்டனுக்குப் பலம் கூடக்கூட, பக்கத்தில் நிற்கும் தான் வெறும் துணையாள்தான் என்று ஃபால்கனுக்கு உறுத்தியது. 1974இல் அவன் பிளாக் பாந்தரிடம் போனான். வக்காண்டாவின் தொழில்நுட்பத்தில் அவனுக்குச் சிறகு செய்து கொடுத்தார்கள். இன்று சினிமாவில் நம் பிள்ளைகள் கைதட்டும் அந்தச் சிறகு, ஒரு கறுப்பின வீரன் இன்னொருவனிடம் கேட்டுப் பெற்றது. பையன் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பழைய இதழிலேயே கிடக்கிறது.

நமக்கு மிகவும் பிடித்தவன் லூக் கேஜ் என்பதை ஒளிக்க மாட்டோம். 1972இல் வந்தவன். செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று, அங்கே நடந்த பரிசோதனையில் தோட்டா துளைக்காத தோல் பெற்றவன். மற்ற வீரர்கள் தர்மத்துக்காக உழைப்பார்கள். கோடீசுவரர்களுக்கு அது கட்டுப்படியாகும். லூக் கேஜ் கூலி வாங்கிக்கொண்டு உழைப்பான். 1973இல் ஒரு கதை: கொடுங்கோலன் டாக்டர் டூம் அவனிடம் வேலை வாங்கிவிட்டு, 200 டாலர் கூலியைக் கொடுக்காமல் தன் நாட்டுக்குப் போய்விட்டான். லூக் கேஜ் விட்டானா? இரவல் விமானம் கேட்டு வாங்கி, கடல் தாண்டி அவன் கோட்டைக்கே சென்று அந்த 200 டாலரை வசூலித்துத் திரும்பினான். மேஸ்திரி சம்பளத்தை விழுங்கிவிட்டு ஊர் மாறிப்போன அனுபவம் இல்லாத குடும்பம் நம் சாலில் எத்தனை? உலகைக் காப்பாற்றும் கதைகள் நூறு இருக்கட்டும். கூலி பாக்கிக்குக் கடல் தாண்டிய கதை எத்தனை உண்டு?

சரி, ஒன்றுசேர்ந்த கதைகள்? இருக்கின்றன. 2003இல் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுதிய ‘தி க்ரூ’ வெள்ளையர் அல்லாத வீரர்களைச் சேர்த்தது. 7 இதழோடு நின்றது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சு நகரை அழித்த பின், ரெஜினால்டு ஹட்லின் எழுதிய கதையில் பிளாக் பாந்தர், லூக் கேஜ், பிளேடு, பிரதர் வூடு, மோனிகா ராம்பூ ஆகியோர் அந்த நகரில் கூடினார்கள். 2017இல் டா-நெஹிசி கோட்ஸ், யோனா ஹார்வி ஆகியோரின் ‘பிளாக் பாந்தர் அண்ட் தி க்ரூ’ வந்தது: ஸ்டார்ம், லூக் கேஜ், மிஸ்டி நைட், மனிஃபோல்டு, பாந்தர். ஹார்லெமில் எஸ்ரா என்ற முதிய போராளி போலீஸ் காவலில் இறக்கிறார். அந்தச் சாவின் உண்மையைத் தேடித்தான் இவர்கள் ஒவ்வொருவராகச் சேருகிறார்கள். 6 இதழோடு அதுவும் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே, 2018இல், பிளாக் பாந்தர் திரைப்படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது!

“விற்கவில்லை, நிறுத்தினார்கள்; வியாபாரம்தானே?” என்பார்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை வீரர்களின் குழு ஒன்று விற்காவிட்டால் எழுத்தாளரை மாற்றுகிறார்கள், புதிய எண்ணிட்டு மறுபடியும் முதல் இதழ் போடுகிறார்கள். இவர்களுக்கு மட்டும் 6 இதழிலேயே பரீட்சை முடிந்துவிடுகிறது.

இன்னொரு வாதம், நம்மவர்களே சொல்வது: “கறுப்பர் மட்டும் தனிக்குழு என்றால் பிரிவினை அல்லவா?” வந்த ஊரில் தமிழனுக்குத் தனிச் சங்கம் எதற்கு என்று நம்மைக் கேட்டவர்களின் அதே குரல். அவர்கள் குழுவில் ஐந்து பேரும் வெள்ளையராக இருந்த காலத்தில் அதற்குப் பிரிவினை என்று பெயர் இருந்ததா?

உடைமை பற்றியும் சொல்ல வேண்டும். 1993இல் டுவெய்ன் மக்டஃபி, டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் என்ற நால்வர் ‘மைல்ஸ்டோன்’ நிறுவனம் தொடங்கினர். அச்சும் விநியோகமும் டி.சி. கம்பெனி மூலம், கதாபாத்திர உரிமை தங்களிடம். அவர்களின் ‘ஹார்டுவேர்’ கதை ஒரு பொறியாளனைப் பற்றியது: அவன் கண்டுபிடிப்பின் இலாபம் முழுதும் முதலாளிக்கே போகிறது. தம் கதையைத்தான் எழுதினார்கள் போலும்! நான்கு ஆண்டுகளில் இதழ்கள் நின்றன; ஆனாலும் ‘ஸ்டாடிக்’ என்ற சிறுவன் 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சியில் ஓடினான்.

பையனும் நாமும் அன்று ஒரு குழு அமைத்தோம். அவன் பாந்தரைத் தலைவனாக்கினான். நாம் எதிர்த்தோம், அரசன் தலைவனானால் சங்கம் தர்பாராகிவிடும். மிஸ்டி நைட்டைச் செயலாளர் ஆக்கச் சொன்னோம்: குண்டுவெடிப்பில் கையிழந்து இரும்புக்கை பெற்ற முன்னாள் போலீஸ்காரி. (இரும்புக்கை மாயாவி படித்த தலைமுறைக்கு வேறு யாரைப் பிடிக்கும்?) பொருளாளர் லூக் கேஜ், பாக்கி வசூலிக்கத் தெரிந்தவன். ஆசிரியரான பிளாக் லைட்னிங்கையும் சேர்க்க ஆசைதான். அவர் டி.சி. ஆள், எல்லையில் இரண்டு கம்பெனி வக்கீல்கள் நிற்கிறார்கள்.

கோட்சின் 6 இதழ்களும் ஒரே புத்தகமாகக் கிடைக்கின்றன. சங்கப் பணத்தில் ஒரு பிரதி வாங்கக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. வந்ததும் ஞாயிறு மாலை வாசகசாலையில் அந்தப் பையனே பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்வான். தாய்மார்களும் வரவேண்டும், தேநீர் உண்டு.