தும்மினாலே சிறுநீர்க் கசிவு: சிகிச்சை இருக்கு, சொல்லித்தர ஆள் இருக்கா?

தும்மும்போது, இருமும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடுகிறது. 'குழந்தை பெத்தா அப்படித்தான்' என்று அம்மா சொல்வார், மாமியார் சொல்வார். சில நேரம் டாக்டரும் அதையேதான் சொல்வார். அங்கேதான் சிக்கல்.

இடுப்புத்தளம்னா என்ன?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள்தான் இடுப்புத்தளம். குழந்தையைப் போடும் தூளி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பிரசவம், மாதவிடாய் நிற்பது, நாள்பட்ட மலச்சிக்கல், உடல் பருமன் என்று பல காரணங்களால் தூளி தளரும். அப்போது சிறுநீர் கசியலாம், கர்ப்பப்பை கீழே இறங்கலாம், மலத்தை அடக்க முடியாமல் போகலாம்.

ரீல்ஸ் பார்த்து கெகல் செஞ்சா போதாதா?

அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, 'இறுக்குங்க, விடுங்க' என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. தசை இறுகுகிறதா என்று அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு கருவியையும் பயன்படுத்தினார். நம்ம ரீல்ஸில் அந்தப் பாதி காணாமல் போய்விட்டது.

அதன் விளைவு என்ன? 1991-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 23 பேர். 12 பேர் செய்த விதமோ, கசிவை அதிகமாக்கக்கூடியது! இறுக்குவதற்குப் பதிலாக, கீழ்நோக்கி முக்கினால் அப்படித்தான் ஆகும்.

அதனால்தான் இங்கிலாந்தின் 'நைஸ்' வழிகாட்டி, பயிற்சியைத் தொடங்கும் முன்பே தசை சரியாகச் சுருங்குகிறதா என்று விரலால் பரிசோதிக்கச் சொல்கிறது. பிறகு ஒருவருடைய மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம், தினமும் 3 வேளை, வேளைக்கு 8 முறையாவது செய்ய வேண்டும். மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. கைப்பரிசோதனை தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆளுக்கு என்ன தெரியணும்?

முதலில் கேட்கத் தெரியணும். கூச்சத்தில் இருப்பவரிடம் 'ஏதாவது பிரச்னையா?' என்றால் 'இல்லைங்க' என்றுதான் பதில் வரும். 'இருமும்போது கசியுதாம்மா?' என்று நேரடியாகக் கேட்கணும். அனுமதி பெற்றுப் பரிசோதிக்கணும். கர்ப்பப்பை இறங்கியிருந்தால், அதைத் தாங்கும் சிலிக்கான் வளையத்தைச் சரியான அளவில் பொருத்தணும். வளையத்தைக் கவனிக்காமல் விட்டால் உள்ளே புண்ணாகும் என்பதால் திரும்ப வரச் சொல்லணும். இதில் பெரும்பாலானவற்றை, பயிற்சி பெற்ற செவிலியரோ பிசியோதெரபிஸ்ட்டோ செய்ய முடியும். பிரான்சில் பிரசவத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சியை மருத்துவச்சியோ பிசியோவோ கொடுக்கிறார்கள், செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது.

அறுவை சிகிச்சை என்றால் பயிற்சி இன்னும் முக்கியம். கசிவுக்கும் இறக்கத்துக்கும் வைக்கப்பட்ட செயற்கை வலையால் (மெஷ்) பல பெண்களுக்குத் தீராத வலி வந்தது. இங்கிலாந்து 2018 ஜூலையில் அந்தச் சிகிச்சையை நிறுத்தி வைத்தது. மீண்டும் தொடங்க விதித்த நிபந்தனைகளில் ஒன்று, உரிய பயிற்சி பெற்று அடிக்கடி செய்யும் மருத்துவர்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது. இந்தப் பாடத்தைக் கற்க அந்தப் பெண்கள் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.

நம்ம ஊர்ல?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். கிராம சுகாதார செவிலியர்கள் அதற்கும் முன்பிருந்தே வீடு வீடாகப் போகிறார்கள். ஆக, புதிய கட்டமைப்பு தேவையில்லை. இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாலே நிறைய நடக்கும். இரு தரப்புக்கும் சேர்த்துக் கொடுக்கணும் என்பதுதான் முக்கியம். செவிலியர் கேட்டுவிட்டு, அனுப்ப இடமில்லாமல் நின்றால், அந்தப் பெண் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பெண் பிசியோக்களும் தேவை.

இப்போதே கசிவு இருந்தால்? மகப்பேறு மருத்துவரிடம் போங்க. பிசியோவிடம் அனுப்பினால், 'பரிசோதிச்சுப் பார்த்துச் சொல்லித்தருவீங்களா, பேப்பர் மட்டும் கொடுப்பீங்களா?' என்று முதலிலேயே கேளுங்க. சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீரே போக முடியாமல் இருந்தாலோ பயிற்சிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.