திறமை பெண்ணுடையது, பெயர் மட்டும் ஆணுடையதா?

போத்தனூரை ஒட்டிய குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ, கோவையின் வேறெந்தப் பட்டறை வீதியிலோ இருக்கும் ஒரு பம்ப்செட் கம்பெனிக்குப் போன் போடும் வாடிக்கையாளர், எதிர்முனையில் பெண் குரல் கேட்டதும் சொல்வது பலருக்கும் பழகிப்போன வாசகம்: “சாரு யாராச்சும் இருந்தா குடுங்கம்மா.” மோட்டார் ஏன் சூடாகிறது, வைண்டிங் எரிந்துவிட்டதா, கெப்பாசிட்டர் போய்விட்டதா என்று கேட்டறிந்து சொல்லக்கூடியவர் அந்தப் பெண்ணாகவே இருக்கலாம். ஆனாலும் அதே பதிலை ஓர் ஆண் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. இந்த இழுபறியைத் தவிர்க்கச் சுருக்குவழி ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பதில் எழுதும் பெண், கீழே ஓர் ஆண் பெயரைப் போட்டுவிடுவது. பிழைப்புக்காக ஒரு பெண் தானாக அப்படிச் செய்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிறுவனம் அதை வழக்கமாக்கினால், தன் ஊழியருக்கும் தன் தொழிலுக்கும் அது தீங்கு செய்கிறது என்பதே என் வாதம்.

பெயரை மாற்றினால் மரியாதை மாறுகிறது என்பது வெறும் மனப்பிரமை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. இணையவழி வகுப்பு ஒன்றுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பயிற்றுநர்கள். இருவருமே ஒரு குழுவுக்குச் சொந்தப் பெயரிலும், இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் அவர்களை நேரில் பார்க்கவே இல்லை. எல்லாக் குழுக்களுக்கும் விடைத்தாள்கள் ஒரே நேரத்தில் திருத்தித் தரப்பட்டன. ஆனால் ‘சொன்ன நேரத்தில் தருகிறாரா’ என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு ஐந்துக்கு 4.35 மதிப்பெண்; பெண் பெயருக்கு 3.55. கடிகாரம் காட்டிய நேரம் ஒன்றுதான், பெயரைப் பார்த்தவர்கள் வேறு நேரத்தைக் கண்டார்கள். நாற்பத்துச் சொச்சம் மாணவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் வேலை கொஞ்சமும் மாறாமல் பெயர் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவது அரிது.

இங்கிலாந்தில் 1962-ல் கணினி மென்பொருள் நிறுவனம் தொடங்கிய ஸ்டெஃபனி ஷெர்லியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. தம் பெயரில் அவர் எழுதிய தொழில் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின. ஆனால் ஸ்டீவ் என்ற பெயர் கதவைத் திறக்க மட்டுமே. சந்திப்புக்கு நேரில் போய் உட்கார்ந்தவர் ஸ்டெஃபனிதான். அவருடைய முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருளை எழுதியதும் அந்தப் பெண்கள்தான். அந்தப் பெருமை அவர்கள் பெயரிலேயே நிற்கிறது.

நிரந்தரமான ஆண் பெயரில், பெருமை உரியவர் பெயருக்கே வந்து சேரும் இந்தக் கடைசிப் படி நடப்பதே இல்லை. ‘கார்த்திக்’ என்ற பெயரில் ஒரு பெண் நூறு மோட்டார் கோளாறுகளைச் சரிசெய்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு வாடிக்கையாளர்களும் இல்லாத ஒரு கார்த்திக்கைப் பாராட்டுவார்கள். மெஷின் சமாச்சாரம் ஆம்பளைகளுக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் நூறு மடங்கு உறுதிப்படும், அதுவும் ஒரு பெண்ணின் உழைப்பாலேயே. அவர் வேறு கம்பெனிக்கு மாறும்போது, தன்னைத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கூட்டிப்போக முடியாது. சம்பள உயர்வு கேட்கும் நாளில் காட்டுவதற்கு நற்பெயர் என்று எதுவும் அவரிடம் இருக்காது.

பெயரை மாற்றிக்கொள்வதில் என்ன புதுமை, எழுத்தாளர் ரங்கராஜன் ‘சுஜாதா’ ஆகவில்லையா, வேணுகோபாலன் ‘புஷ்பா தங்கதுரை’ ஆகவில்லையா என்று கேட்கலாம். ஆனார்கள்தான். ஆனால் ரங்கராஜன் என்ற பெயரில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காக அவர் மனைவியின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளர் ரா.கி. ரங்கராஜனோடு குழப்பம் வரக் கூடாது என்பதுதான் காரணம். சுஜாதா ஒரு பொறியாளர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். புகழும் அவரிடமே வந்து சேர்ந்தது. விரும்பிச் சூடிய பெயருக்கும் வேறு வழியில்லாமல் ஒளிந்துகொண்ட பெயருக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. வெளிநாட்டு அழைப்புகளை எடுத்த நம் கால் சென்டர் இளைஞர்களுக்கு மேலை நாட்டுப் பெயர்கள் சூட்டப்பட்டது இரண்டாவது வகை. அங்கேயும் வாடிக்கையாளரின் வசதிக்கு விலை கொடுத்தது ஊழியரின் பெயர்தான்.

வியாபாரம் நடக்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான், ஆர்டர் போய்விட்டால் சம்பளம் யார் கொடுப்பது? ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெண் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர 2016-ல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமும், அதற்குள் 3 சதவீதத்தைப் பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்களிடமும் வாங்க வேண்டும் என்பது 2018-ல் வந்த விதி. இதற்காகவே மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டு, நிர்வாகத்தைக் கணவர் பார்க்கும் கம்பெனிகள் எத்தனையோ. கடன் விண்ணப்பத்தில் பெண் பெயர் ஆகிறது, கஸ்டமரிடம் பேசும்போது மட்டும் ஆகாதா? பணம் வாங்கித் தரும் பெயரால் பதில் சொல்லவும் முடியும்.

ராத்திரி நேரத்தில் வரும் ஆபாச அழைப்புகளிலிருந்து தப்பவே பெண்கள் பெயரை மறைக்கிறார்கள் என்பது மிக வலுவான மறுப்பு. இதை நான் முழுதாக ஏற்கிறேன். பாதுகாப்புக்காகப் பெயரைச் சொல்லாமல் விடுவதும், இனிஷியலோ ஊழியர் எண்ணோ மட்டும் தருவதும் சரியே. ஆனால் காப்பாற்றிக்கொள்ளும் பொறுப்பை ஊழியரின் தலையில் கட்டிவிட்டு நிறுவனம் ஒதுங்க முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன் 19-வது பிரிவு, பணியிடத்தில் தொடர்புகொள்ளும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள பட்டறை என்றாலும், புகார் கேட்க மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. தொல்லை தரும் எண்ணைத் தடுத்து, அந்த வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டியவர் முதலாளி.

செய்ய வேண்டியது செலவு வைக்காத காரியம். விசிட்டிங் கார்டிலும் வாட்ஸ்அப்பிலும் அந்தப் பெண்ணின் பெயரோடு ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்ற பதவியையும் சேர்த்துப் போடுங்கள். ‘சாரைக் குடுங்க’ என்று கேட்பவரிடம் முதலாளி போனை வாங்கி, அந்தப் பெண் சொன்ன அதே பதிலைத் தன் குரலில் ஒப்பிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. “அவங்கதானுங்க எங்க இன்ஜினியர். அவங்ககிட்டயே பேசுங்க” என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுக்கட்டும். இரண்டாம் முறை அழைக்கும்போது அந்த வாடிக்கையாளர் அவரைப் பெயர் சொல்லிக் கேட்பார், மோட்டார் ஓடினால் போதும் என்பதுதானே அவருக்கும் வேண்டியது.