தமிழ் நீளம் எண்டால், தமிழை மட்டும் நசுக்கிறதோ?

கம்பஸ் நிகழ்வொன்றுக்கு மூன்று மொழியிலும் பனர் அடிக்கக் குடுத்திருந்தோம். வந்ததைப் பார்த்தால், தமிழ் வரி மட்டும் இரண்டு பக்கமும் பிடிச்சு நசுக்கின மாதிரிக் கிடக்கு. 'ஒருங்கிணைப்பாளர்' எண்டதை வாசிக்கவே ஏலாது. கேட்டதுக்கு, "தமிழ் நீளம் தானே பிள்ளையள்" எண்டார் அடிச்சவர்.

நீளம்தான், மறுக்கேல்லை. அந்தச் சொல்லில் ஒன்பது எழுத்து. ங், ப், ர் மூன்றும் புள்ளியோடு தனித்தனி இடம் பிடிக்கும்; 'ணை'யும் 'பா'வும் இரண்டிரண்டு துண்டு. ஆனால் கணினியில் பக்கவாட்டில் இழுத்துச் சுருக்கினால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே தடிப்பாக நிற்கும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

வேரியபிள் எழுத்துரு இதுக்கு நல்ல மருந்து. 2016இல் அடொபி, ஆப்பிள், கூகிள், மைக்ரோசொஃப்ட் சேர்ந்து அறிவித்த தொழில்நுட்பம் இது. ஒரே கோப்பிலேயே தடிப்பையும் அகலத்தையும் வேண்டின அளவுக்கு மாற்றலாம். வடிவமைப்பாளர் ஒடுங்கின 'ண'வையும் அகன்ற 'ண'வையும் தனித்தனியே வரைவார். இடைப்பட்டதைக் கணினி கணித்துக்கொள்ளும். அதுக்கு இரண்டு வரைவிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒத்துவரவேணும். ஒடுக்கேக்க எந்தச் சுழியைச் சிறிதாக்கலாம், சுழி அடைபடாமல் கோட்டை எங்கே மெலிக்கலாம் எண்டு ஒரு ஆள் இருந்து யோசிக்கவேணும். கு, கூ வரிசைகளில் மட்டும் இப்படி 36 வடிவங்கள்.

மும்பையின் ஏக் டைப் குழு இந்த வேலையை 'அனெக் தமிழ்' எழுத்துருவில் செய்திருக்கிறது. அனெக் குடும்பத்தில் சிங்களம் இல்லை. ஆனால் கூகிளின் நோட்டோ சான்ஸில் தமிழும் இருக்கு, சிங்களமும் இருக்கு. இரண்டிலும் அகலத்தை மாற்றலாம். எல்லாம் இலவசம்.

ஆகவே 'தமிழ் நீளம்' எண்ட சாட்டு இனிச் செல்லாது. பாமினியிலேயே பழகின கைகளுக்கு மாறுறது கஷ்டம்தான், விளங்குது. ஆனால் எழுத்துரு மாறினாலும் பழக்கம் மாறாட்டி, ஒடுங்கின வடிவம் திரும்பவும் தமிழுக்கு மட்டும்தான் விழும். இடம் போதாட்டி மூன்று வரியும் கொஞ்சம் கொஞ்சம் ஒடுங்கட்டுமே!

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. பலகையில் அந்தச் சமத்துவம் கண்ணுக்குத் தெரியவேணும். அடுத்த பனருக்கு, எழுத்துருவையும் நாங்களே கொண்டுபோய்க் குடுக்கப்போறம்.