வாரணாவதத்தில் எரிந்தவள் பெயர் என்ன?

சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூர் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது நகரமே விழித்திருக்கிறது. திரௌபதிக்கு எடுக்கும் விழா அது. நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலும் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிறார்கள், கூத்து ஆடுகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். சபையில் அவமானப்பட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிக் கும்பிடத் தெரிந்தவர்கள் நம் மக்கள். அதில் பெருமைப்படலாம். ஆனால் அதே பாரதத்தில் கோயிலும் இல்லாமல், கரகமும் இல்லாமல், ஒரு பெயர்கூட இல்லாமல் போன பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யார் பேசுவது?

அரக்கு மாளிகைக் கதை எல்லோரும் அறிந்ததே. துரியோதனன் சதி, விதுரர் எச்சரிக்கை, சுரங்கப் பாதை, தாயையும் சகோதரர்களையும் பீமன் சுமந்து சென்றது எல்லாம் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் பாண்டவர்கள் செத்துவிட்டார்கள் என்று அஸ்தினாபுரம் எப்படி நம்பிற்று? சாம்பலில் ஆறு உடல்கள் கிடந்தன. ஒரு தாய், ஐந்து பிள்ளைகள்.

அன்று குந்தி அன்னதானம் செய்தாள். சோற்றுக்காக வந்த ஒரு வேடச்சி, தன் ஐந்து மகன்களோடு வயிறாரச் சாப்பிட்டாள். குடித்த போதையில் அங்கேயே தூங்கிப் போனாள். அன்றிரவு மாளிகைக்குத் தீ வைத்தவன் பீமன். விதி அவளை அங்கே அழைத்து வந்தது என்று சொல்லிவிட்டு வியாசர் மேலே போகிறார். ஆனால், ஆறு உயிர்களை உள்ளே விட்டுவிட்டு யாரும் அறியாமல் போய்விட வேண்டும் என்று தருமர் முன்பே பேசியதையும் அதே வியாசர்தான் எழுதி வைத்திருக்கிறார். பின்னர் திருதராஷ்டிரன் நீர்க்கடன் செய்தான். அதுவும் பாண்டவர்களுக்குத்தான். வேடச்சிக்காக அழுதவர் எவருமில்லை.

பெயர் சொல்வதில் பாரதம் கஞ்சத்தனம் காட்டுகிற நூலா? அர்ஜுனன் வில்லுக்குக் காண்டீபம் என்று பெயர். பாண்டவர் ஐவர் ஊதிய சங்குகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. துரோணரை வீழ்த்துவதற்காகக் கொல்லப்பட்ட யானைக்குக்கூட அசுவத்தாமன் என்று பெயர் இருக்கிறது. கௌரவர் நூறு பேருக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. தீயில் வெந்த ஆறு பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

விதுரரின் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். வியாசரிடம் மீண்டும் போக அஞ்சிய அம்பிகை, தன் நகைகளைப் பூட்டித் தன் பணிப்பெண்ணை அனுப்பினாள். அவள் பெற்ற பிள்ளைதான் நீதிக்கே இலக்கணமாக நின்ற விதுரர். அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. காந்தாரி கருவுற்றிருந்தபோது திருதராஷ்டிரனுக்குப் பணிவிடை செய்தவள் ஒரு வைசியப் பெண். அவள் மகன் யுயுத்சு, போர்க்களத்தில் தருமர் பக்கம் வந்து சேர்ந்தான். திருதராஷ்டிரன் மைந்தர்களில் மிஞ்சியவன் அவன் ஒருவனே. பாண்டவர்கள் நாட்டைத் துறந்து போகும்போது பரீட்சித்தின் அரசைக் கவனிக்கும் பொறுப்பை அவனிடமே விட்டுச் சென்றார்கள். அவனைப் பெற்றவளுக்கும் பெயர் சூட்டியவர்கள் பிற்காலத்தார்தான்.

பெயர் பெற்றவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் கதியும் பெரிதாக வேறில்லை. காந்தாரி என்றால் காந்தார நாட்டுக்காரி. கைகேயி என்றால் கேகய நாட்டுக்காரி. திரௌபதி என்றால் துருபதன் மகள். சபரி என்பது சபரர் குலத்துப் பெண் என்பதைத்தான் சொல்கிறது. ஊர்ப் பெயரால் அழைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திருநெல்வேலிக்காரரையும் தருமபுரிக்காரரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கியவர்கள் வடக்கே எத்தனை பேர்!

காவியங்கள் கைவிட்ட பெண்களைப் பற்றி, ஊர்மிளையை நினைத்து, தாகூர் 1900-லேயே எழுதினார். வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி, முதுமையில் காட்டில் வாழும் குந்தியின் முன் அந்த வேடர் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தன் குற்றங்களையெல்லாம் எண்ணி வருந்தும் குந்திக்கு, அந்த ஆறு உயிர்கள் மட்டும் நினைவுக்கு வரவில்லை என்பதே கதை.

இதிகாசத்தைக் குறை சொல்லலாமா என்று சிலர் கோபப்படலாம். வியாசர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க நினைத்திருந்தால் அந்த ஆறு உடல்களை எழுதியே இருக்க மாட்டார். கதை சொன்னவர்களும் கேட்டவர்களுமே பாண்டவர்கள் தப்பிய மகிழ்ச்சியில் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. சாரம் சரிந்தாலோ, கூலிக்காரர் குடிசைகளில் தீப்பிடித்தாலோ பத்திரிகையில் என்ன வருகிறது? 'சித்தாள் ஒருவர் பலி', 'தமிழ்நாட்டைச் சேர்ந்த கூலிப் பெண் சாவு'. கட்டடம் கட்டிய நிறுவனத்தின் பெயர் விளம்பரப் பலகையில் பெரிதாக நிற்கும். செத்தவள் பெயர் மேஸ்திரிக்கும் தெரியாது. புருஷன் கணக்கிலேயே அவள் கூலியும் சேர்ந்து போயிருக்கும். வீட்டு வேலைக்கு வருகிறவளைப் பத்து வருஷமாக 'ஆயா' என்றே கூப்பிடும் வீடுகள் நம்மிலேயும் இல்லையா?

பெயர் இல்லாவிட்டால் நஷ்டஈடும் இல்லை. கட்டடத் தொழிலாளருக்காக 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலந்தோறும் நல வாரியங்கள் அமைந்தன. பதிவு செய்துகொண்டால்தான் விபத்து உதவி கேட்க முடியும். படித்த குமாஸ்தாக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குடிசைகளுக்குப் போய், அங்குள்ள பெண்களின் சொந்தப் பெயரில் பதிவுப் படிவங்களை எழுதிக் கொடுக்கலாம். அடுத்த முறை பாரதம் படிக்கிறவர்கள் அரக்கு மாளிகைக் கட்டம் வரும்போது, அந்தத் தாயையும் ஐந்து பிள்ளைகளையும் தாண்டிப் போகாமல் நின்று சொல்லட்டும்.