பிளேசருக்கு ஒன்பதாயிரம், டெய்லருக்கு நூற்றைம்பது

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டு இருந்த அக்கா திடீர்னு துணிக்கடைப் பக்கம் போறாங்களேன்னு நினைக்காதீங்க. இதுவும் பண விஷயம்தான்.

என்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணின ஒரு பொண்ணு, தென்காசிப் பக்கத்து ஊர். கேம்பஸ் இன்டர்வியூவுக்குன்னு கிரெடிட் கார்டுல 7,200 ரூபாய்க்கு ஒரு பிளேசர் வாங்கினா. மாசாமாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினா. ஏழு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட்டை எடுத்துட்டு வந்து "அக்கா, இது ஏன் குறையவே மாட்டேங்குது?"ன்னு கேட்டா. மாசம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டிப் பார்த்தா வட்டி மட்டும் 1,800 கிட்ட. ஆக பிளேசர் ஒன்பதாயிரம். போட்டது ரெண்டே தடவை. அதுல தோள் வேற அவளுக்கு ரெண்டு விரல் வெளியே நின்னுச்சு.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரல. நல்லா டிரஸ் பண்ணலைன்னா நம்மளை ஊர்க்காரின்னு ஒதுக்கிடுவாங்களோங்கற பயம் எனக்கும் இருந்துச்சு. என்னோட முதல் ஆடிட்டுக்கு அம்மா வாங்கித் தந்த குர்த்தியைத்தான் போட்டுட்டுப் போனேன். எக்ஸ்எல் சைஸ். "கொஞ்சம் லூசா இருந்தாத்தான் மரியாதை"ன்னு சொல்லி அனுப்பினாங்க. அஞ்சடி ஒரு அங்குல உயரத்துல நான் அதுக்குள்ள தொலைஞ்சே போயிட்டேன். கிளையன்ட் ஆபீஸ்ல "ஸ்கூல் படிக்கிறியாம்மா?"ன்னு கேட்டாங்க.

என் கருத்து இதுதான்: நாம துணிக்கு அதிகமா செலவு பண்றதும் இல்ல, குறைவா பண்றதும் இல்ல. தப்பான இடத்துல பண்றோம். ரெடிமேட் ஒரு சராசரி உடம்புக்கு வெட்டினது. மார்பளவு சரியா இருந்தா கை நீளமா இருக்கும், இடுப்பு சரின்னா புஜம் பிடிக்கும். இதுல உங்க உடம்பு மேல எந்தக் குறையும் இல்லை. அந்த வித்தியாசத்தைச் சரி பண்றதுக்குத்தான் தெருமுனையில ஆல்டரேஷன் டெய்லர் உட்கார்ந்திருக்கார்.

வாங்கும்போது முதல்ல தோளைப் பாருங்க. தோள் எலும்பு முடியற இடத்துல தையல் உட்காரணும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை மடிக்கலாம். தோளைச் சரி பண்றது பெரிய வேலை, கூலியும் கூட. தொப்பை இருக்கற தம்பிங்க ஸ்லிம் ஃபிட்ல மூச்சடக்கி நிக்க வேண்டாம். வயித்து அளவுக்கு ரெகுலர் ஃபிட் எடுத்து, தோள் சரியா இருக்கான்னு பார்த்துட்டு, பக்கவாட்டுல லேசா பிடிக்கச் சொல்லுங்க. என்னை மாதிரி குள்ளமா இருந்தா டாப்பும் பேன்ட்டும் ஒரே கலர் குடும்பத்துல போட்டுப் பாருங்க, உயரம் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும். டிரையல் ரூம்ல நின்னு மட்டும் பார்க்காதீங்க. உட்காருங்க, கையை நீட்டுங்க. நாள் முழுக்க ஆபீஸ்ல அதைத்தானே பண்ணப் போறோம்!

இப்போ கணக்கு. சேல்ல 800 ரூபாய்க்கு ஒரு குர்த்தி. அக்குள்ல பிடிக்குதுன்னு நாலு தடவையோட பீரோவுக்குள்ள போயிடுச்சு. ஒரு தடவைக்கு 200 ரூபாய். இன்னொன்னு 1,400, ஆல்டரேஷன் 150. அறுபது தடவை போட்டா ஒரு தடவைக்கு 26 ரூபாய் கூட ஆகாது. இதுல எல்லாரும் மறக்கறது அயன் செலவு. பீஸுக்கு பத்து ரூபாய்னு வெச்சாலும் அறுபது தடவைக்கு 600. லினன் அழகுதான், ஆனா மின்சார ரயில்ல மாம்பலம் வந்து இறங்கும்போது கசக்கிப் போட்ட பேப்பர் மாதிரி ஆயிடும். நம்ம வெயிலுக்கு நல்ல காட்டன். கூட்டத்துல கசங்கி வர்றவங்களுக்குக் கொஞ்சம் கலப்புத் துணி. டிரை கிளீன்னு லேபிள்ல இருந்தா நான் அப்படியே திருப்பி வெச்சிடுவேன்.

எங்கே வாங்கறது? பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு உங்களுக்கே தெரியும். ஆபீஸ்ல போலோ டி-ஷர்ட்டுக்கு அனுமதி இருந்தா திருப்பூர் காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பாருங்க. வெளிநாட்டு அளவுங்கறதால லேபிள்ல இருக்கற சைஸை நம்பாம போட்டுப் பார்த்து வாங்குங்க. எனக்குப் பிடிச்ச வழி, கோ-ஆப்டெக்ஸ்ல தள்ளுபடி நேரத்துல காட்டன் துணி எடுத்துத் தைச்சுக்கறது. பாக்கெட் வெச்சுத் தரச் சொல்லலாம், அது போதாதா!

ஒரு வரிக் குறிப்பு, தொழில் புத்தி விடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18. வரிக்கு முன்னாடி 2,500 இருந்தா நீங்க கட்டறது 2,625. வெறும் நூறு ரூபாய் கூடி 2,600 ஆச்சுன்னா 3,068! "ஆபீஸ் டிரஸ்ஸை டாக்ஸ்ல கழிக்கலாமா?"ன்னும் கேக்கறாங்க. முடியாது. யூனிஃபார்ம் அலவன்ஸுக்குப் பழைய வரி முறையில விலக்கு உண்டு, ஆனா அது நிஜ யூனிஃபார்முக்கு. உங்க ஃபார்மல் சட்டை யூனிஃபார்ம் ஆகாது. புதிய முறையில அந்த விலக்கும் இல்லை.

முதல் சம்பளத்துல மொத்த பீரோவையும் மாத்தணும்னு இல்ல. கருப்பு, நேவி, பீஜ்னு மூணு பேன்ட், அதோட எல்லாம் சேர்ற மாதிரி அஞ்சாறு டாப். ஆறு மாசத்துல மெதுவா சேருங்க, கையில இருக்கற காசுல. துணிக்கு ஈஎம்ஐன்னு ஆப் காட்டினா மூடிட்டு வெளியே வந்துடுங்க.

அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுது, அன்னைக்கு ரெண்டாவது ரவுண்டுக்கு பிளேசரைக் கழட்டி வெச்சுட்டு வெறும் சட்டையோடதான் போனாளாம். பிளேசர் இப்போ எங்க ஆபீஸ் அலமாரியில தொங்குது. தோள் பொருந்தற பொண்ணுங்க இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போறாங்க. இதுவரைக்கும் நாலு பேர். ஒரு தடவைக்கான செலவு 1,500க்கு இறங்கியிருக்கு.